மூணாவது வரிசையில் அமலோற்பவம்

இல்லம்மா, நீங்க எந்திரிக்க வேண்டாம், நான் ஜன்னல் பக்கம் கேக்கல. இந்தப் பை மட்டும் நமக்கு நடுவுல இருக்கட்டும். உள்ள மைக்கும் ஸ்பீக்கரும் இருக்கு. கீழ வச்சா பிரேக் போடுதப்பல்லாம் ஓடும், மேல வச்சா யாரு தலையிலயாவது விழும். திருச்செந்தூருக்கா? கோயிலுக்கு? நல்லா இருங்க. நான் குரும்பூர்ல இறங்கிருவேன்.

டீச்சர்னு நினைச்சீங்களா? எல்லாரும் அப்படித்தான் நினைக்காங்க, இந்தக் குரல் அப்படி. காலேஜ்ல புரபசரும்மா. சோஷியல் வொர்க். சமூகப்பணித் துறைக்குத் தலைவரா இருந்து ரிட்டயர் ஆனேன். மங்கையர்க்கரசி மேடம்னா பாளையங்கோட்டையில ஆட்டோக்காரங்களுக்குக்கூடத் தெரியும். சமூகப்பணின்னா உடனே மரம் நடுததா, ரத்தம் குடுக்கதான்னு கேப்பாங்க. அதெல்லாம் இல்ல. ஒரு மனுஷன் முன்னால உட்கார்ந்து அவன் பேசுதத முழுசாக் கேக்கணும். அதுதான் எங்க தொழில். வாயப் பூட்டு, காதத் தொற. என் பிள்ளைகளுக்கு முதல் வகுப்புல அதத்தான் சொல்லுவேன்.

உங்க அம்மாவா? இருங்க, இத முடிச்சிருதேன், அப்புறம் நீங்க சொல்லுங்க.

ரிட்டயர் ஆனா ஈஸிசேர்ல சாஞ்சுக்கிட்டு பேப்பர் படிக்கணும்னு யாரு சொன்னா? நான் வேலையில இருந்தப்பகூட இவ்வளவு அலையல. திங்கக்கிழமை பெரியாஸ்பத்திரி, கேன்சர் வார்டு. புதன்கிழமை ஜெயில், பொம்பளைங்க பக்கம். வெள்ளிக்கிழமை குடும்ப ஆலோசனை. புருஷன் பொஞ்சாதி சண்டைன்னா நேரா என்கிட்டதான் அனுப்புதாங்க. இதுக்கு நடுவுல பள்ளிக்கூடங்கள்ல பேச்சு. மாசத்துக்கு ஒரு தடவ முதியோர் இல்லம். எங்கள மாதிரி ரிட்டயர் ஆனவங்க எல்லாம் சேர்ந்து ஒரு வட்டம் வச்சிருக்கோம். எல்லாரும் சமூகப்பணி வாத்தியார்கள்தான். ஐசக் சார்னு ஒருத்தர், நல்லா மவுத் ஆர்கன் வாசிப்பார், அவர் என்கூட இல்லங்களுக்கு வருவார். இன்னைக்கு அவர் வரல. எனக்கு மனசு சரியில்ல மேடம், நீங்க போயிட்டு வாங்கன்னுட்டார். எனக்கு மட்டும் மனசு சரியா இருக்கா? நிகழ்ச்சின்னு ஒத்துக்கிட்டா போகணும்லா?

அமலாவப் பத்திச் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

அமலோற்பவம். மணப்பாட்டுக்காரி. கடல் பார்த்த ஊரு. நானும் அவளும் ஒரே வருஷம் வேலையில சேர்ந்தோம், ஒரே ரூம்ல எதிரெதிர் மேசை. கல்யாணம் பண்ணிக்கல. தம்பி ஒருத்தன், அவனப் படிக்க வச்சா, அவன் படிக்காம மீன் பிடிக்க படகு வாங்கிட்டான், அதுக்கும் சிரிச்சா. அவளுக்குக் கோவமே வராதும்மா. நான் கத்துவேன், பிரின்சிபால்ட்ட சண்டை போடுவேன், மேடையில பேசுவேன். அவ பின்னால இருப்பா. ஆனா ஒண்ணு. சேரிக்கு பீல்டு வொர்க் போவோம், நான் பத்து கேள்வி கேட்டும் வாயத் தொறக்காத பொம்பள, இவ போயி பக்கத்துல குத்தவச்சு உட்கார்ந்து முருங்கைக் கீரைய உருவிக் குடுக்க ஆரம்பிச்சான்னா, கொட்டிருவா. எல்லாத்தையும் கொட்டிருவா. எப்படிட்டி பண்ணுதன்னு கேட்டா, நான் ஒண்ணும் பண்ணலயே மங்கைம்பா.

அவளும் ரிட்டயர் ஆனா. எங்க வட்டத்துல அவதான் முதல் ஆளு. ரெண்டு பேரும் டவுன் பஸ்ல ஏறி ஏறி இறங்குவோம். அந்தச் சமயத்துலதான் எங்க வீட்டுக்காரர் தவறினார். மாரடைப்பு. அழுதுக்கிட்டு உட்கார்ந்திருந்தா ஆச்சா? காரியம் எல்லாம் முடிஞ்ச உடனே நான் வேலையில இறங்கிட்டேன். மாடி சும்மா கிடந்துது. அவர் புஸ்தகமும் படுக்கையும் இருந்த இடம். எல்லாத்தையும் ஒதுக்கிட்டு வட்டத்துக்கு ஆபீஸாக்கிட்டேன். பயிற்சி எல்லாம் அங்கதான். திறப்பு விழாவுக்கு ஊரே வந்துது.

அன்னைக்கு எல்லாரும் போனப்புறம் அமலா மட்டும் மாடியில நின்னா. ஜன்னல் பக்கம் போயி நின்னுக்கிட்டு, "நல்லாக் காத்து வருது மங்கை"ன்னா. ஆமாட்டி, பிரிண்டர இங்கதான் வைக்கணும், சூடாகாதுன்னேன். கொஞ்சம் பொறுத்து, "இங்கயே பாத்ரூம் இருக்குல்ல"ன்னு கேட்டா. இருக்கு, ஆனா பேனர் கம்பெல்லாம் அதுலதான் அடுக்கியிருக்கேன், நீ போகணும்னா கீழ போன்னேன். சிரிச்சா. அவ எதுக்குச் சிரிப்பா, எதுக்குச் சிரிக்க மாட்டான்னு சொல்ல முடியாது.

செய்துங்கநல்லூர் தாண்டியாச்சா? சரி, நேரம் இருக்கு.

அதுக்கப்புறம் அவ வரது குறைஞ்சுது. முட்டு வலின்னா. குளிக்கப் போன இடத்துல வழுக்கி விழுந்துட்டேன்னா. வாடகை வீடு, தனியா இருக்கா. சாயங்காலம் போன் பண்ணுவா. "என்ன பண்ணுத மங்கை?" இந்தா மீட்டிங்ல இருக்கேன்ட்டி. "சரி சரி, நீ பாரு." அடுத்த நாள் அதே நேரம், "என்ன பண்ணுத?" இந்தா, கலெக்டர் ஆபீஸ் வாசல்ல நிக்கேன்ட்டி. "சரி சரி." விஷயம் எதுவும் இருக்காது. என்னன்னு கேட்டா, ஒண்ணும் இல்ல, சும்மாத்தான்ம்பா. சும்மா போன் பண்ணினா நான் என்ன செய்ய?

ஆனா நான் விட்டுரல, கேட்டுக்கோங்க. தனியா இருக்க வயசானவங்களுக்கு எங்க வட்டத்துல இருந்து தன்னார்வலர்கள அனுப்புதோம்லா. அதுல ரெண்டு காலேஜ் பிள்ளைகள அவ வீட்டுக்கு அனுப்பி வச்சேன். வாரா வாரம் போயி ஒரு மணி நேரம் பேசிட்டு வரணும். பிள்ளைக போயிட்டு வந்து சொல்லுதுக, "மேடம், அமலோற்பவம் மிஸ்கிட்ட எங்க வீட்டுப் பிரச்சினை எல்லாம் சொன்னோம். ரொம்ப லேசா இருக்கு மேடம்." ஏ பிள்ளைகளா, நீங்க பேசப் போனீங்களா, கேக்கப் போனீங்களான்னு ஏசினேன். ஒருத்தி சொல்லுதா, "மிஸ்ஸப் பத்திக் கேட்டோம் மேடம், எனக்கு ஒண்ணும் இல்ல, நீங்க சொல்லுங்கன்னுட்டாங்க." அப்படி ஆளுகிட்ட யாரு என்ன பண்ண முடியும்?

ஒரு நாள் சூட்கேஸோட ஆட்டோவுல வந்து இறங்கினா. நான் மாடியில பயிற்சி நடத்திக்கிட்டு இருக்கேன். வெளியூர் ஆளுங்க எல்லாம் வந்திருக்காங்க. அஞ்சு நிமிஷம் உட்காரச் சொல்லுன்னு வேலைக்காரப் பிள்ளகிட்ட சொல்லி விட்டேன். கொஞ்சம் நேரமாயிட்டு. இறங்கி வந்து பார்த்தா ஆளு இல்ல. டீ குடிச்ச கிளாசக் கழுவி கவுத்து வச்சிட்டுப் போயிருக்கா. ராத்திரி போன் பண்ணினேன். "வீட்டக் காலி பண்ணிட்டேன் மங்கை. தம்பிகிட்டப் போறேன். கடல் காத்து உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொல்லுதார்." அப்படின்னா. எனக்கு நல்லாவே வருத்தம். முப்பது வருஷப் பழக்கம், முன்கூட்டி ஒரு வார்த்தை இல்ல. ஆனா தம்பி வீடுதான, போகட்டும், நல்லா பாத்துக்கிடுவான்னு விட்டுட்டேன். நானும் ரெண்டு தடவ போன் பண்ணினேன். நல்லா இருக்கேன், மீனும் சோறுமா இருக்கேன்னு சொன்னா.

இப்ப நான் போறேன்லா, குரும்பூர்ல இருந்து உள்ள தள்ளி ஒரு இல்லம். கன்னியாஸ்திரிங்க நடத்துதாங்க. சுத்தமா வச்சிருப்பாங்க. நாங்க மாசாமாசம் போற இல்லத்துல அதுவும் ஒண்ணு. அங்க எல்லாரையும் ஹால்ல உட்கார வச்சு, கை தட்டச் சொல்லி, பாட்டு, விளையாட்டு எல்லாம் நடத்துவோம். அவ வீட்டக் காலி பண்ணிட்டுப் போனப்புறம் ஒரு மாசம் அப்படித்தான் போனோம். நான் மைக்கப் பிடிச்சு வழக்கம்போல, "எல்லாரும் ரெண்டு கையையும் மேல தூக்குங்க பார்ப்போம், வலிச்சாலும் பரவால்ல, சிரிச்சுக்கிட்டே தூக்குங்க"ன்னு சொல்லுதேன். சொல்லிக்கிட்டே பார்க்கேன். மூணாவது வரிசை. சுவர் ஓரம். அமலா.

முடிய ஒட்ட வெட்டியிருக்கு. அவ்வளவு முடி அவளுக்கு. நான் வேற யாரோன்னு நினைச்சேன். அவ கைய மேல தூக்கினா. எல்லாரையும் போல, நான் சொன்னபடி. ஒரு கை தோளுக்கு மேல வரல. ஆனா சிரிச்சா. வலிச்சாலும் சிரிக்கச் சொன்னேன்லா.

நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? மைக்கப் போட்டுட்டு ஓடிப் போயி கட்டிப் பிடிச்சிருப்பீங்க. எனக்கு ஓடல. வாய் அதுபாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கு. "ரொம்ப நல்லது, இப்ப இறக்குங்க, இப்ப பக்கத்துல இருக்கவங்களுக்கு வணக்கம் சொல்லுங்க." அடுத்தாப்பல பந்து விளையாட்டு. ஐசக் சார் வாசிப்பார், பந்து கை மாறிக்கிட்டே போகும், வாசிப்பு நின்னா பந்து யாரு கையில இருக்கோ அவங்க எந்திரிச்சு பேரச் சொல்லி, வாழ்க்கையில சந்தோஷமான ஒரு நாளப் பத்திச் சொல்லணும். ஐசக் சார் தலைய நிமிர்த்தினவர் அவளப் பார்த்துட்டார். வாசிப்பு அப்படியே நின்னு போச்சு. பந்து அவ மடியில.

சட்டம்னா சட்டம்தான, எந்திரிச்சா. பக்கத்துல இருந்த ஆச்சி பிடிச்சிக்கிட்டாங்க. "என் பேரு அமலோற்பவம்"ன்னா. "சந்தோஷமான நாளு இன்னைக்குத்தான்." அவ்வளவுதான் சொன்னா. உட்கார்ந்துட்டா. எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன்.

முடிஞ்சப்புறம் சாப்பாட்டு ரூம்ல அவளப் பிடிச்சேன். ஏசுனேன் பாருங்க, வாயில வந்தபடி ஏசினேன். ஏட்டி, உனக்கு என்ன கேடு? தம்பி வீட்டுல இருக்கேன்னு பொய் சொல்லியிருக்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?

"சொல்லியிருந்தா என்ன மங்கை பண்ணியிருப்ப?"

என்ன பண்ணியிருப்பேனா? இதவிட நல்ல இல்லமாப் பார்த்துச் சேர்த்திருப்பேன்லான்னேன்.

அவ சிரிக்க ஆரம்பிச்சா. அப்படி ஒரு சிரிப்பு. கண்ணுல தண்ணி வரச் சிரிச்சா. முந்தானையால துடைச்சிக்கிட்டு, "இதுவே நல்ல இல்லம்தான். நான் விசாரிச்சுட்டுத்தான் வந்தேன்"ன்னா. என்ன விசாரிச்சன்னேன். "மங்கை எந்த இல்லத்துக்குத் தவறாமப் போவான்னு ஐசக் சார்ட்ட கேட்டேன். எதுக்குன்னு அவர்ட்ட சொல்லல. நான் தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் நீ வரமாட்ட. இல்லத்துக்குன்னா வந்துருவ."

பாருங்க, எப்படிப் பேசுதா! அது ஒரு விளையாட்டுன்னுதான் எடுத்துக்கிட்டேன். முடி எங்கட்டின்னேன். கையத் தூக்கிச் சீவ முடியல, நான்தான் வெட்டச் சொன்னேன்னா. என் தலையத் தொட்டுப் பார்த்து, "நீ இன்னும் டை அடிக்கியா"ன்னு கேட்டா. அதுக்குள்ள சிஸ்டர் வந்து கணக்கெடுப்பு, அடுத்த மாசத் திட்டம்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. பஸ்ஸுக்கும் நேரமாயிட்டு.

அப்புறம் ஒவ்வொரு மாசமும் அவளப் பார்த்தேன்மா. முதல் வரிசைக்கு வந்துட்டா. சிஸ்டர் சொல்லுவாங்க, நாங்க வர அன்னைக்கு விடியக் காலம்பறவே குளிச்சு, நல்ல சேலை எடுத்து உடுத்திக்கிட்டு, கேட்டுக்குப் பக்கத்துல சேர் போட்டு உட்கார்ந்துருவாளாம். நாங்க போயிச் சேர பதினொண்ணாயிரும். நிகழ்ச்சி முடிஞ்சு ஒரு அரை மணி நேரம் கிடைக்கும். அதுல நான் வட்டத்துக் கதை எல்லாம் சொல்லுவேன். யார்கிட்ட என்ன சண்டை, எங்க எங்க பேசினேன். அவ கேப்பா. அவ மாதிரி கேக்க ஆளு கிடையாது. பஸ்ல வரும்போதே எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருக்கும், இதையெல்லாம் அமலாட்ட சொல்லணும் சொல்லணும்னு சேர்த்து வச்சிக்கிட்டு வருவேன்.

அவளப் பத்தியா? அவ என்ன சொல்லுவா, நல்லா இருக்கேன்ம்பா.

ஒரு மாசம் என்னால வர முடியல. சென்னையில எனக்கு விருது. முதியோர் நலனுக்கு. சிஸ்டருக்குப் போன்ல சொல்லிட்டேன். அவங்க அமலாட்டயும் சொல்லியிருக்காங்க. ஆனாலும் குளிச்சு உடுத்தி கேட்டுப் பக்கம் உட்கார்ந்தாளாம். மேடம் வரலன்னு சொன்னோமேன்னு கேட்டதுக்கு, தெரியும், பழக்கத்துக்கு உட்கார்ந்திருக்கேன்னு சொன்னாளாம். அந்த வாரமே காய்ச்சல். அடுத்தது நெஞ்சுல சளி. நான் ஊருக்கு வந்து பெட்டியப் பிரிக்கதுக்குள்ள போன் வந்துட்டு.

மணப்பாட்டுல அடக்கம். கோயிலுக்குப் பக்கத்துலயே கல்லறை, ஒரு பக்கம் கடல் இரையுது. என்னப் பேசச் சொன்னாங்க. பேசினேன். என்ன பேசினேன்னு எனக்கு ஞாபகம் இல்ல, ஆனா எல்லாரும் அழுதாங்க. இறங்கி வரும்போது அவ தம்பி சூசை வந்து என் கையப் பிடிச்சான். மேலெல்லாம் உப்பு வாடை, கண்ணு செவந்து கிடக்கு.

"நீங்கதான் மங்கை அக்காவா?"

ஆமாப்பான்னேன்.

"யக்கா, தப்பா எடுத்துக்கிடாதீங்க, ஒங்க மேல எங்களுக்கு ஒரு வருத்தம். அக்காவ எத்தனை தடவ கூப்பிட்டோம் தெரியுமா? கீழ ஒரு ரூம்பே கட்டிப் போட்டிருக்கோம். 'வேண்டாண்டா, மங்கை வீட்டு மாடி எனக்குன்னு இருக்கு, கடைசி காலத்துல ரெண்டு பேரும் ஒண்ணா இருப்போம்னு பேசி வச்சிருக்கோம்'னு சொல்லிட்டா. ஒங்க வீட்டுலதான் இருக்கான்னு நாங்க நிம்மதியா இருந்தோம். போன்லகூட, மங்கை கீழ இருக்கா, நான் மாடியில இருக்கேன், நல்லாக் காத்து வருதுன்னுதான் சொன்னா. இல்லத்துல இருந்து போன் வந்தப்பதான் எங்களுக்கே தெரியும். ஒங்களுக்குள்ள எதுவும் சண்டையாக்கா?"

சண்டை எல்லாம் இல்லப்பான்னேன்.

"அப்ப ஏன்க்கா அங்க போனா?"

கூட்டம் வேற சுத்தி நிக்கி. அவன் கையத் தட்டிக் குடுத்துட்டு வந்துட்டேன்.

பேசி வச்சிருக்கோம்னா யாரும்மா பேசினா? வீட்டுக்கு வந்து யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். களக்காட்டுல பிள்ளைகளக் கூட்டிட்டு ஒரு முகாம் போட்டிருந்தோம், வருஷம் என்ன இருக்கும், நாங்க ரெண்டு பேரும் நாப்பதுகூட ஆகாத ஆளுங்க. நல்ல மழை. பள்ளிக்கூட வராந்தாவுல ஒதுங்கி நிக்கோம். அப்ப நான்தான் சொன்னேன், வயசான காலத்துல என் வீட்டு மாடிக்கு வந்துருட்டி, ரெண்டு கிழவியும் ஒருத்திய ஒருத்தி ஏசிக்கிட்டே கிடப்போம்னு. மழைக்குள்ள நின்னுக்கிட்டு ஒரு பேச்சுக்குச் சொன்னது. பத்துப் பேரு பக்கத்துல நிக்காங்க. எங்க வீட்டுக்காரர் உயிரோட இருக்கார். சரி மங்கைன்னா அவ. அதோட சரி, அந்தப் பேச்சே வரல. அத அவ முந்தானையில முடிஞ்சு வச்சிக்கிட்டு இத்தனை வருஷம் நடந்திருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?

எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. தேவைய வாயால சொல்லப் பழக்கணும். சொல்லாம உதவி இல்ல. அவளும் அந்தப் பாடத்த நடத்தினவதான். நான் அத்தன வருஷம் எதிர் மேசையில உட்கார்ந்திருந்தவ. மங்கை, எனக்கு உன் மாடி வேணும்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான. வாயத் தொறந்து கேட்டிருக்கலாம்லா? தம்பிட்ட ஒரு பொய், என்கிட்ட ஒரு பொய். ரெண்டு பேருக்கும் நடுவுல போயி மூணாவது வரிசையில உட்கார்ந்துக்கிட்டா. அந்தக் கோவம்தாம்மா எனக்குத் தீரவே மாட்டேங்குது. காலையில காபி போடும்போது வருது. மேடையில பேசிக்கிட்டு இருக்கும்போது வருது. போன வாரம் ஜெயில்ல ஒரு பொம்பள அவ கதையச் சொல்லிக்கிட்டு இருக்கா, நான் அவள விட்டுட்டு, ஏட்டி கேட்டிருக்கலாம்லான்னு சத்தமாவே சொல்லிட்டேன். அந்தப் பொம்பள பயந்து போயி, யாரக் கேக்கணும் மேடம்னா.

தென்திருப்பேரை வந்துட்டு. அடுத்தது குரும்பூர்தான்.

இன்னைக்கு அவ இல்லாம முதல் நிகழ்ச்சி. சொல்லணும்னு சேர்த்து வச்ச கதை எவ்வளவோ கிடக்கு, விருது குடுத்த கதையக்கூட அவகிட்ட சொல்லல. அதான் உங்களப் பிடிச்சிக்கிட்டேன் போலிருக்கு. தப்பா நினைக்காதீங்க.

என்ன கேட்டீங்க? சத்தமாச் சொல்லுங்க, இஞ்சின் சத்தத்துல கேக்கல.

அவ கேட்டிருந்தா மாடியக் குடுத்திருப்பீங்களான்னா?

என்னம்மா இப்படிக் கேக்கீங்க! குடுக்காம? அமலாவுக்குக் குடுக்காம என் மாடிய வேற யாருக்குக் குடுப்பேன்? அவ யாரு, நான் யாரு?

உடனே முடியாது. டிசம்பர் வரைக்கும் பயிற்சி இருந்துது. அதுக்கு வெளியூர்ல இருந்து ஆளுங்க வாராங்க, இடம் வேணும்லா. அதுக்கப்புறம் பேனர், நாற்காலி எல்லாம் ஒதுக்கணும். பிரிண்டரக் கீழ கொண்டு வரணும்னா வயரிங் மாத்தணும். அதுக்குப் பொங்கல் கழிஞ்சிரும். கொஞ்சம் பொறுட்டின்னு சொல்லியிருப்பேன்.

பொறுத்திருப்பாம்மா. எவ்வளவு நாளுன்னு கேட்டிருக்கவே மாட்டா.